அந்த உதவித் தொகை விண்ணப்பப் பாரத்தை யார் நிரப்பித் தருவது?

எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) நான்காவது வீட்டு அண்ணன் செம்பனைக் குலை வெட்டுபவர். 2021இல் இரண்டாவது கோவிட் ஊசி போட்ட மறுவாரமே நெஞ்சுவலி. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்றைக்கும் அரிவாளைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. "எல்லாம் அந்த ஊசியாலதான்" என்று அண்ணி அழுகிறார்.

ஊசியால்தானா, எனக்குத் தெரியாது. பைசர் போன்ற ஊசிக்குப் பிறகு, முக்கியமாக இளவயது ஆண்களுக்கு, மிக அரிதாக இதயத் தசையில் வீக்கம் வருவது உண்மை. கோவிட் நோயே அதைக் கொண்டுவரும் என்பதும் உண்மை. ஊசிக்குப் பிறகு வந்ததெல்லாம் ஊசியால் வந்தது ஆகாது. ஆனால் எதனால் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒருவரும் வழி சொல்லவில்லையே! அதுதான் என் ஆத்திரம்.

2021 மார்ச்சில் மலேசிய அரசாங்கம், கோவிட் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித் தொகை அறிவித்தது. கடும் பக்கவிளைவால் நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்), நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் 500,000 வெள்ளி. இதற்குக் கோர்ட்டு ஏற வேண்டாம், யார் செய்த தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். ஊசிதான் காரணமா என்பதை நிபுணர்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்க மருத்துவ அறிக்கை வேண்டும். அண்ணன் கையில் இருந்ததோ மடித்து மடித்துக் கிழிந்த ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. கவுண்டரில் கேட்டதற்கு மலாயில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

வழக்குப் போடலாம் என்கிறார்கள் சிலர். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க 36 மாதம்தான் தவணை. 2021இல் போட்ட ஊசிக்கு அது 2024லேயே முடிந்துபோனது. இதை எந்தத் தோட்டத்தில் யார் தமிழில் சொன்னார்கள்?

இங்கிலாந்தில் 1979லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் போடும் ஊசிகளின் மீது, அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 அமெரிக்கக் காசு (சென்ட்) வரி வாங்கி, பாதிக்கப்பட்டவருக்கென்று ஒதுக்குகிறார்கள். அப்படிக் கொடுப்பதால் ஊசி கெட்டது என்று ஆகிவிடவில்லை.

நான் ஊசிக்கு எதிரி இல்லை. 27 வருடம் இல்லாத போலியோ 2019 டிசம்பரில் சபா மாநிலத்தில் திரும்பி வந்ததைப் பார்த்தோம். என் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு ஊசி விடாமல் போட்டிருக்கிறேன். ஊர் நன்மைக்காகக் கை நீட்டியவர் விழுந்தால் ஊர்தானே தூக்கிவிட வேண்டும்? "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று விரட்டினால், அடுத்த ஊசிக்கு அந்த வீட்டுப் பிள்ளை வராது. அண்ணியின் பேரனுக்கு இப்போதே இரண்டு ஊசி தவறிவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் அண்ணனின் மருத்துவ அறிக்கை கேட்டு நானே மனு எழுதிக் கொடுத்தேன். பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் இதே நிலையில் யாராவது இருந்தால் ஊசி போட்ட தேதி, டிஸ்சார்ஜ் சீட்டு, அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.