மரக்கறிச் சாப்பாட்டுக்கு ஏன் இந்த விலை?

"அண்ணை, மரக்கறிச் சாப்பாட்டுக்கும் இறைச்சிச் சாப்பாட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை போட்டிருக்கிறியள், ஏன்?" பாரிஸ் புறநகரில் இருக்கும் எங்கள் சின்னச் சாப்பாட்டுக்கடைக்கு வருகிற எங்கட ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மதிய நேரத்தில் காசுமேசையில் நின்றுகொண்டு முழுப் பதிலும் சொல்ல முடிவதில்லை, பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். ஆட்டிறைச்சிக் கறியைக் காலையில் பெரிய சட்டியில் ஏற்றினால் அது இரவு வரைக்கும் நிற்கும். அடுத்த நாள் இன்னும் ருசி ஏறும். மரக்கறி வறை அப்படி நிற்காது. பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸையே எடுங்கள். மடலுக்கு மடல் மண் இருக்கும். நெடுக்காகக் கீறி, விரித்துப் பிடித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவவேண்டும். மெல்லிசாக அரிந்து, கடுகும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டு வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பூ தூவிப் பிரட்டி இறக்கவேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பச்சை நிறம் போய்விடும். மூடி வைத்தால் தண்ணீர் விடும். மதியம் செய்ததை இரவுக்குப் போட எனக்கு மனம் வராது. ஒரு தட்டில் பருப்பு, பால்கறி, வறை, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல், சொதி என்று வைத்தால் அது ஆறு சமையல். இறைச்சிக்குக் கொடுக்கும் காசு இறைச்சிக்கடைக்காரருக்குப் போகிறது. மரக்கறிக்குக் கொடுக்கும் காசு சமையல் செய்கிறவரின் கைக்கூலிக்குப் போகிறது. பிரான்சில் கூலியும் அதற்கு மேல் முதலாளி கட்டவேண்டிய சமூகக் காப்புப் பணமும் எவ்வளவு என்பது இங்கே கடை நடத்துகிற எல்லோருக்கும் தெரியும்.

இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். ஆனாலும் மனம் ஒப்பாது. காசு கொடுத்து மரக்கறி சாப்பிடுவதா என்ற எண்ணம் அப்படியே இருக்கும். அது கஞ்சத்தனம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தலைமுறை வந்த வழி அப்படி.

இலங்கையில் அப்பா அம்மாவின் காலத்தில், 70களின் தட்டுப்பாட்டில், பாணுக்கு வரிசையில் நின்றார்கள், மரவள்ளிக்கிழங்கைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டார்கள். எங்கள் காலத்தில், 1990க்குப் பிறகு, போர் நடந்த வடக்குக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாமே அரிது. கடலுக்குப் போகவும் தடை, அதனால் மீனும் அருந்தல். வளவில் நின்ற முருங்கையும் வேலியோரத்து மரவள்ளியும்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் இங்கே வந்து உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவினார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் இறைச்சி வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி என்பது வெறும் சாப்பாடில்லை, தப்பி வந்துவிட்டோம் என்பதன் அடையாளம். நானும் அந்த ஆட்களில் ஒருவன்தான். இறைச்சித் துண்டு இல்லாத தட்டைப் பார்த்தால் பழைய பஞ்சம் திரும்பி வந்ததுபோல இருக்கும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 1940 முதல் 1944 வரை ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது உருளைக்கிழங்கு கிடைப்பது கஷ்டமானது. ஊர்ச்சனம் ருத்தபாகா என்ற நூல்கோல் மாதிரிக் கிழங்கையும் தொப்பினம்பூர்க் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தது. போர் முடிந்த பிறகு அந்தத் தலைமுறை பல பத்தாண்டுகள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. இன்று அதே தொப்பினம்பூரைப் பாரிசின் விலைகூடிய உணவகங்களில் தேடித்தேடி வைக்கிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் வயதான பிரெஞ்சு அம்மா ஒருவருக்கு அதன் பெயரைக் கேட்டாலே முகம் மாறும். இஞ்சியும் உள்ளியும் பெருங்காயமும் சேர்த்து (அந்தக் கிழங்கு வாய்வு, இவை இல்லாமல் சமைக்கக் கூடாது) பால்கறியாக வைத்துக் கொடுத்தேன். பேசாமல் சாப்பிட்டு முடித்தார். அடுத்த முறை வந்தபோது சொதிதான் கேட்டார். அவர் மனதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

எனக்கு மரக்கறியில் பிடிப்பு வந்ததும் ஒரு தட்டுப்பாட்டில்தான். 2014 மே மாதம், பழ ஈக்களைக் காரணம் காட்டி, இந்தியாவிலிருந்து வரும் மாம்பழத்தோடு கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இறக்குமதியையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நாங்கள் சாமான் எடுக்கும் கடையில் பாகற்காய்ப் பெட்டிகள் குறைந்தன. அந்தக் கோடையில்தான் பக்கத்துத் தெருச் சந்தையைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். முள்ளங்கி வாங்கினால் இலையை முறுக்கி எறியட்டுமா என்று வியாபாரி கேட்பார். வேண்டாம், தாருங்கள் என்பேன். முள்ளங்கியிலை வறைக்கு ஈடு சொல்ல எனக்கு இன்னொரு கீரை தெரியாது. லீக்ஸின் பச்சைத் தோகையை இங்கே பலர் வெட்டி எறிந்துவிடுவார்கள். நுவரெலியா லீக்ஸ் தின்று வளர்ந்த எங்களுக்கு அதுதானே பாதிக் கறி!

பிறகு ஆந்தீவ். வடக்குப் பிரான்சில் இருட்டறைக்குள் வளர்க்கும் வெள்ளை முளை. பாகற்காய் அளவுக்குக் கசக்காது. பச்சையாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப்புளி, கட்டித் தேங்காய்ப்பால் விட்டுச் சம்பல் போட்டால் சோற்றுக்கு அப்படிப் பொருந்தும். செலரிக் கிழங்கைத் துண்டு போட்டுப் பொரித்துப் பழப்புளிக் குழம்பில் போட்டால் கரணைக்கிழங்குக்குக் கிட்டப் போகும். பெத் கீரையில் இலையைக் கடையலாம், தண்டைப் பால்கறி வைக்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை அஸ்பரகஸ் வரும்போது மட்டும் நான் தேங்காய்ப்பால் தொடுவதில்லை. தாளித்து, இரண்டு பிரட்டு, அவ்வளவுதான். பருவத்தில் வந்த மரக்கறிக்குக் கனக்கத் தூள் போடுவது அதைக் கொல்லுவது.

பாரிசில் மூன்று நட்சத்திர உணவகம் நடத்தும் அலன் பசார் 2001இல் தன் உணவுப் பட்டியலிலிருந்து சிவப்பு இறைச்சியை எடுத்தார். மரக்கறிக்காகவே தோட்டங்கள் போட்டார். நட்சத்திரம் ஒன்றுகூடப் போகவில்லை. இந்த நாட்டுப் பள்ளிக்கூடக் கன்ரீன்களில் 2019 நவம்பரிலிருந்து வாரத்தில் ஒருநாள் மரக்கறிச் சாப்பாடு வைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் இப்போதுதான் பழகுகிற ஒன்றை எங்கள் அம்மாமார் நூறு விதமாகச் செய்தார்கள். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வீடுகளில், ஒரு நாள் வைத்த கறி அடுத்த நாள் வராமல் சமைத்தார்கள். அந்தத் திறமையை விரத நாளுக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் கொத்துரொட்டியையும் ரோல்சையும் மட்டும் காட்டி, இதுதான் எங்கள் சாப்பாடு என்று வெளியாருக்குச் சொல்வது எனக்கு வலிக்கிறது.

கடை நடத்தும் தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரக்கறி கேட்டு வருகிறவருக்கு உருளைக்கிழங்குப் பிரட்டலும் உறைபெட்டி மரக்கறிக் கலவையும் போட்டு அனுப்பாதீர்கள். அவர் குறைந்த காசு கொடுக்கிறார் என்று நினைத்தால், கூடக் காசு கேளுங்கள், ஆனால் ஒழுங்காகச் சமைத்துக் கொடுங்கள். எங்கள் கடையில் மதியம் வருகிறவர்களில் கனபேர் பிரெஞ்சுக்காரர். அவர்கள் திரும்பி வருவது அந்த ஆறு கறிக்காகத்தான், இறைச்சி அவர்களுக்கு எங்கேயும் கிடைக்கும்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். ஆர்ட்டிஷோவோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். பிரெத்தான் பக்கத்திலிருந்து வருவது, பெரிய பூமொட்டு. வாழைப்பொத்தி மாதிரியே வெளிமடல் உதவாது, உள்ளே மட்டும்தான் சாப்பிடலாம், வெட்டின கையோடு கறுக்கும். வாழைப்பொத்தி வறைக்கு அம்மா உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து பிழிந்துதான் எடுப்பா. மோரில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி. ஆர்ட்டிஷோவைப் பிழிந்தால் குழைந்துவிடுகிறது, தேசிக்காய்த் தண்ணீரில் போட்டால் தேங்காய்ப்பூவோடு சேரும்போது புளிக்கிறது. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வாழைப்பொத்தியை எப்படிப் பதப்படுத்துவார்கள் என்று தெரிந்தவர்கள், முக்கியமாக அன்ரிமார், அளவோடு எழுதுங்கள். செய்து பார்க்கிறேன்.