அவிழ்த்துவிட்ட நாயும் என் முளைக்கீரையும்

சிங்கப்பூர்ப் பூங்காவில் தோட்டப் பாத்தி கிடைப்பதே குலுக்கலில் விழும் யோகம். நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். நான் எடுத்தபோது ஆண்டு வாடகை 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதுவும் 3 ஆண்டுக்குத்தான். வெண்டையும் முளைக்கீரையும் போட்டிருந்தேன்.

நாய்களை அவிழ்த்துவிட வேலி போட்ட தனி இடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் சிலருக்கு அந்த வேலியை எட்டும்வரை கை பொறுப்பதில்லை; வழியிலேயே வாரைக் கழற்றிவிடுகிறார்கள். நேற்று ஒரு கோல்டன் ரிட்ரீவர் என் கீரை மேல் சுகமாகப் புரண்டு எழுந்தது, மூக்கெல்லாம் மண்.

"ஒன்றும் செய்யாது ஆன்ட்டி" என்றார் உரிமையாளர்.

என்னை ஒன்றும் செய்யவில்லைதான். கீரையை? நாய் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், அதற்கு அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாது. அவருக்குத் தெரியும்.