கையெழுத்தோடு முடிவதில்லை
ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் எழுத்தாளரின் வேலை முடிந்தது, மிச்சமெல்லாம் பதிப்பாளர் பாடு என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குச் சிறுகதைத் தொகுப்பு கொடுத்தவன் நான். பாதி வேலை அதற்குப் பிறகுதான். அச்சுக்கு முன் பிழை பார்க்க மெய்ப்பு வந்தது. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றியதில் 'ஸ்ரீ' மட்டும் எங்கோ தொலைந்து, ஸ்ரீவைகுண்டம் வருகிற இடத்திலெல்லாம் ஒரு வெற்றுக் கட்டமும் அதன் பின்னே 'வைகுண்டமும்' நின்றன. கதை மாந்தர் எல்லோரும் திருநெல்வேலியில் பஸ் ஏறி நேராக வைகுண்டம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்! பக்கம் வடிவமைத்தவருக்கு அது ஊர்ப்பெயர் என்றே தெரியவில்லை. எழுதியவன் உட்கார்ந்து பார்க்காவிட்டால் அப்படியே அச்சேறியிருக்கும். அப்புறம் அட்டை, பின்னட்டைக் குறிப்பு, அவற்றை விடுங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை, உரிமை ஆயுளுக்கும் அவர்களுக்குத்தானா என்று அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆவது பிரிவின்படி, காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டுதான்; எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதி வாங்கிய உரிமையை ஓராண்டு பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலொழிய. அந்த 'வேறு விதம்' பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், நண்பர் தேடிப் பார்க்கட்டும். நூலக ஆணையில், அதாவது அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்கும் வகையில், போகும் பிரதிகளுக்கு ராயல்டி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு வந்த கணக்கில் அந்தப் பிரதிகள் இடம்பெறவே இல்லை, கடிதம் போட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.