பிள்ளையின் உயிர் கணக்கில் இல்லையா?

உப்புவெளிப் பக்கம் ஓட்டோ ஓடும் என் அத்தான் 14 நாள் விளக்கமறியலில் இருந்துவிட்டு நேற்றுத்தான் பிணையில் வந்தார். வழக்கு நடப்பதால் ஆட்களைப் பற்றி எழுத மாட்டேன். சட்டத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரவு ஒன்பதரைக்கு இரண்டு பேர் ஏறியிருக்கிறார்கள். ஒரு கடையின் பின்பக்கம் நிறுத்தச் சொல்லி, பூட்டை உடைத்துச் சாமான் ஏற்றத் தொடங்கியதும் இவர் வண்டியைத் திருப்பப் பார்த்திருக்கிறார். அவர்கள் கத்தி எடுக்கவில்லை, அடிக்கவுமில்லை. ஒருவன் போனை நீட்டினான். அதில் என் அக்காவின் மகள், டியூசன் வாசலில், சைக்கிளைப் பிடித்தபடி. "பிள்ளை வெள்ளிக்கிழமையும் இந்த நேரம்தானே வரும்?" அவ்வளவுதான். சொன்ன இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து, இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். பிறகு வண்டி இலக்கத்தை வைத்துப் பொலிஸ் வந்தது.

நம் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. மிரட்டலுக்குப் பணிந்து செய்தது குற்றமாகாது என்கிறது அதன் 87ஆம் பிரிவு. கேட்க நிம்மதிதான். ஆனால் முழுதாக வாசித்துப் பாருங்கள். செய்யாவிட்டால் அந்தக் கணமே தன் உயிர் போய்விடும் என்று நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். அடி, வீட்டுக்கு நெருப்பு, 'பிறகு பார்த்துக்கொள்கிறோம்' எதுவும் போதாது. பிள்ளையின் உயிரும் போதாது! கும்பலிடம் பிடிபட்டு, உடனே கொன்றுவிடுவோம் என்ற மிரட்டலில் கதவை உடைத்துக் கொடுத்த கொல்லனைச் சட்டமே உதாரணம் காட்டி விடுவிக்கிறது. சரி, அவனுடைய மகளைக் காட்டி மிரட்டியிருந்தால்?

கொலைக்கு இந்த விலக்கு கிடையாது. அதில் எனக்கும் மறுப்பில்லை. சாமான் ஏற்றியதற்கும் இவ்வளவு இறுக்கம் ஏன்? இங்கிலாந்திலேயே இன்று கடும் காய மிரட்டலும், குடும்பத்தார் மீதான மிரட்டலும் எதிர்வாதமாக ஏற்கப்படுகின்றன.

எல்லாரும் இதையே சொல்லித் தப்பிவிடுவார்கள் என்பார்கள். தப்ப முடியாது. தானாகக் கும்பலில் சேர்ந்தவனுக்கு இந்த விலக்கு இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி நிரூபிக்கும் சுமையும் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில்தான். அந்தப் படம் இருந்த போனுக்கு அத்தான் எங்கே போவார்?

தண்டனையைக் குறைக்க இதைச் சொல்லலாம் என்கிறார் எங்கள் சட்டத்தரணி. அதற்கு முதலில் அவர் குற்றவாளி என்றாக வேண்டுமே. சட்டம் படித்த நண்பர்களே, 87ஆம் பிரிவில் 'அல்லது அவரது குடும்பத்தவருக்கு' என்று சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போட நான் வருகிறேன். அக்காவும் வருவாள்.