'நோ-கிளீன்' ஃப்ளக்ஸைத் துடைக்கவே வேண்டாமா?

"நோ-கிளீன் ஃப்ளக்ஸ் போட்டால் போர்டைத் துடைக்கவே தேவையில்லை" என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இது பாதிதான் உண்மை. ஃப்ளக்ஸ் என்பது சால்டரிங் செய்யும்போது, அதாவது மின்னணு போர்டில் பாகங்களை உலோகம் உருக்கி ஒட்டும்போது, ஒட்டு நன்றாகப் பிடிக்கத் தடவும் பொருள். சால்டரிங் சூட்டை முழுதாக வாங்கிய ஃப்ளக்ஸ் மட்டுமே கெட்டியாகி, தீங்கில்லாமல் கிடக்கும். கையால் தாராளமாகத் தடவும்போது ஐசி (சிப்) கால்களுக்கு அடியில் ஓடி, சூடு படாமல் பிசுபிசுவென்று நிற்கிறதே, அதில் அமிலத்தன்மை அப்படியே இருக்கும். ஈரம் சேர்ந்தால் கால்களுக்கு நடுவே மின்கசிவு வரலாம். நாளடைவில் செம்பு பச்சை பூக்கும்.

சரி, எப்படித் துடைப்பது? மின் இணைப்பை எடுத்துவிட்டு, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து, காய்வதற்குள் நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் தங்கும். அது பெரும்பாலும் கரைந்த ஃப்ளக்ஸ்தான், போர்டு கெட்டுவிடவில்லை. இன்னொரு முறை கழுவுங்கள். அப்புறம், தண்ணீரில் கரையும் ஃப்ளக்ஸைக் கழுவாமல் விடவே கூடாது.