முட்டைக்கு வயசு என்ன?

டப்பாவில் 'புரதம் நிறைந்தது', 'பண்ணை ஃப்ரெஷ்' எல்லாம் கொட்டை எழுத்தில். தேதி மட்டும் அடியில், மை கலங்கி, 3ஆ 8ஆ என்றே தெரியாமல். அதுவும் பேக் செய்த தேதிதான்; கோழி என்றைக்கு இட்டதோ, யார் கண்டது? ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு டப்பாவைத் தூக்கிப் போட்டால் அதுவும் போச்சு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டை ஓட்டிலேயே பண்ணைக் குறியீடு அச்சடிக்கிறார்கள்; முதல் இலக்கம் 3 என்றால் கூண்டுக் கோழி. டப்பாவில் போடும் கடைசித் தேதியும் இட்ட நாளிலிருந்து 28 நாளைத் தாண்டக் கூடாது. இங்கே ஓட்டில் முத்திரை பார்ப்பதென்றால் பெரும்பாலும் சத்துணவு முட்டையில்தான், அதுவும் யாரும் வெளியே விற்றுவிடக் கூடாதே என்று!

அண்ணாச்சியிடம் கேட்டால், "நேத்துதான் லோடு வந்துச்சு" என்கிறார். சரி, லோடு நேற்று வந்தது. முட்டை?