அது கத்தல் இல்லை, பாட்டு

சனிக்கிழமை விருந்து வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் போனிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஆல்பத்தைப் பாதிப் பாட்டில் நிறுத்தி, "யாருங்க இந்தம்மா, இப்படிக் கத்துறாங்க?" என்று ஒருவர் கேட்டார். அறையே சிரித்தது. குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் அங்கே நான் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதைப் படம் பிடித்து, சிரிப்பு எமோஜி போட்டு, குரூப் குரூப்பாகச் சுற்றவிட்ட பிறகும் பேசாமல் இருக்க முடியவில்லை.

அது கத்தல் இல்லை. பாட்டு. அமெரிக்கப் பாடகி, நடிகை இடினா மென்ஸெல் 2014 அக்டோபரில் வெளியிட்ட கிறிஸ்துமஸ் ஆல்பம் 'ஹாலிடே விஷஸ்'. ஒவ்வொரு டிசம்பரிலும் என் வீட்டில் ஓடுகிற ஆல்பம்.

நீங்கள் நிறுத்திய அந்தப் பாட்டு, 'டு யூ ஹியர் வாட் ஐ ஹியர்', எப்போது எழுதப்பட்டது தெரியுமா? 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது. அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்று உலகமே பயந்துகிடந்த நாட்களில், நோயல் ரெக்னியும் அவர் மனைவி குளோரியா ஷெய்னும் நியூயார்க்கில் எழுதியது. இரவுக் காற்று ஆட்டுக்குட்டியிடம் சொல்கிறது, ஆட்டுக்குட்டி மேய்க்கிற பையனிடம் சொல்கிறது, பையன் அரசனிடம் போய்ச் சொல்கிறான். கடைசியில் அரசன் ஊர் உலகத்துக்கே சொல்கிறான்: சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. காற்று சொன்ன அதே குரலில் அரசனும் முணுமுணுத்தால் அந்தக் கதைக்கு என்ன அர்த்தம்? குரல் ஏறத்தான் வேண்டும். அந்த அம்மா ஏற்றினார். சரியாக அந்த இடத்தில்தான் நீங்கள் நிறுத்தினீர்கள்.

மேடையிலிருந்து வந்தவர் அவர். 1996இல் 'ரென்ட்', 2003இல் 'விக்கெட்' (Wicked), இரண்டும் நியூயார்க் பிராட்வே இசை நாடகங்கள். 'விக்கெட்'டில் போட்ட பச்சை நிற சூனியக்காரி வேடத்துக்குத்தான் 2004இல் நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார். 2005 ஜனவரியில், அதே நாடகத்தில் தன்னுடைய கடைசிக் காட்சிக்கு முந்தின காட்சியில் மேடைத் திறப்பு வழியாகக் கீழே விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டவர், மறுநாள் ட்ராக் சூட்டோடு வந்து நின்று கடைசிப் பகுதியைப் பாடிவிட்டுப் போனார். அப்படிப்பட்டவருக்குப் பாட்டு என்பது நடிப்பும்தான். யார் சொல்கிறார்கள், யாரிடம் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்பது தெரியாமல் ஒரு வரிகூடப் பாட மாட்டார். சமோசாவுக்கும் அரட்டைக்கும் பின்னால் மெல்லியதாக ஓட வேண்டும் என்று எதிர்பார்த்தால், அது ஆல்பத்தின் குற்றமா?

"கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் மரையா கேரி மாதிரி இருக்கணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்லது. மரையா கேரியின் அந்த 1994 பாட்டை, 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ'வை, அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்த வால்டர் அஃபனாசியெஃப்தான் இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர். அதே பாட்டு இதிலும் இருக்கிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நான் நியூஜெர்ஸிக்கு வந்த முதல் குளிர்காலம் அது. ஒரு கடையில் சீசன் வேலை. பெட்டி பிரிப்பது, அடுக்குவது, மறுபடி பெட்டி பிரிப்பது. ஷிப்ட் முழுக்கத் தலைக்கு மேல் ஸ்பீக்கரில் கிறிஸ்துமஸ் பாட்டு. சந்தோஷமாக இரு, சந்தோஷமாக இரு என்று பத்து மணி நேரம் ஒருவர் அதட்டிக்கொண்டே இருப்பது போல இருக்கும். அந்தப் பாட்டுகளையே வெறுத்துப்போனேன். கூட வேலை பார்த்த ஒரு வயதான அம்மா இரவில் தன் காரில் கொண்டுவந்து விடுவார். அந்தக் காரில்தான் இந்த சிடி. அதில் பாடகி ஜோனி மிட்செல் எழுதி 1971இல் வெளியிட்ட 'ரிவர்' வந்தது. ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாடும்போது, இங்கிருந்து எங்கேயாவது போய்விட ஒரு ஆறு இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்குகிற பெண்ணின் பாட்டு. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். அந்தக் காரில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை, பாட்டு முடிகிற வரை வண்டியை அணைக்கவும் இல்லை.

அப்புறம் அதே குளிரில் இரண்டு பேருமாக நியூயார்க் போய், ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டரில் இடினா நடித்த 'இஃப்/தென்' இசை நாடகம் பார்த்தோம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட், மாடியில் கடைசிப் பக்கம். முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எந்த இடத்தில் கோபம், எந்த இடத்தில் பயம் என்று குரலிலேயே தெரிந்தது. இதைத்தான் கத்தல் என்கிறீர்கள்.

"பாட்டுத் தேர்வு ரொம்பப் பாதுகாப்பானது, எல்லாம் பழைய பாட்டு" என்பார்கள். இருக்கட்டும். 'டிசம்பர் பிரேயர்' புதுப் பாட்டுதான், அதை எழுதியதில் அவருக்கும் பங்கு உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"யூதப் பெண்ணுக்கு எதற்கு கிறிஸ்துமஸ் ஆல்பம்?" இதைப் படித்தபோதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. வெள்ளை கிறிஸ்துமஸைக் கனவு காண்கிற பாட்டை எழுதிய இர்விங் பெர்லின் யூதர். சிவப்பு மூக்கு மானைப் பாட்டாக்கிய ஜானி மார்க்ஸ் யூதர். 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டை எழுதியவர்களில் ஒருவரான மெல் டோர்மே யூதர். மேலே சொன்ன குளோரியா ஷெய்னும் யூதர்தான். யூதப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் 1967இல் போட்ட கிறிஸ்துமஸ் ஆல்பத்தை இன்றைக்கும் கேட்கிறார்கள். இவர்களை எடுத்துவிட்டால் உங்கள் விருந்தில் போடுவதற்குப் பாதிப் பாட்டு இருக்காது. இடினா 2019இல் போட்ட அடுத்த கிறிஸ்துமஸ் ஆல்பத்தில், யூதர்களின் விளக்குத் திருவிழாவான ஹனுக்காவின் பாட்டுகளையும் சேர்த்திருக்கிறார். தன் வீட்டு விளக்கையும் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்தார். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இதே கேள்வியைத் திருப்பி என்னிடமும் கேட்டார்கள். "நமக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று. மார்கழியில் காலையில் திருப்பாவை கேட்கிறவள்தான் நானும். சாயங்காலம் இதைக் கேட்பேன். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போடுகிறவர்கள் மனிதர்கள்தான். எனக்குப் பிடித்ததை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் உங்கள் பாட்டு ஓடும்போது போய் நிறுத்தியதும் இல்லை. எனக்கு வலித்தது அந்தச் சிரிப்பு. பல வருஷம் பழகியவர்கள், ஒருவராவது "இருங்க, பாட்டு முடியட்டும்" என்று சொல்லியிருக்கலாம்.

ஆல்பம் வந்த 2014இன் கடைசி இரவில் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில், உறைகிற குளிரில் பாடியபோது, ஒரு உச்ச ஸ்வரம் சறுக்கியது என்று இடினாவைப் பார்த்தும் இப்படித்தான் ஊர் சிரித்தது. உயரமான ஸ்வரங்கள் மட்டும் பாட்டு ஆகாது, அந்தக் கணத்தில் உண்மையாக நிற்பதும் கேட்பவர்களைத் தொடுவதும் வேண்டும் என்று தான் முன்பே சொல்லியிருந்ததை எடுத்துப் போட்டார். யாரையும் திட்டவில்லை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

உண்மையிலேயே கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள், இடினா பாடகர் மைக்கேல் பூப்லேயோடு சேர்ந்து பாடியதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அது எல்லோருக்கும் பிடிக்கும். 'ரிவர்' கேளுங்கள், பிறகு 'டிசம்பர் பிரேயர்'. ஹெட்போன் போட்டு, முழுசாக. அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். கத்தல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை.